பொங்கல் லீவுக்கு தரங்கம்பாடி பிளானா? சர்ஃப் போர்டை மட்டும் வீட்டிலேயே வையுங்க!

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாக லீவு. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் டெல்டா பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பும் நேரம். அவர்களில் சிலர் கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ நாலு கிளாஸ் போய், சர்ஃப் போர்டில் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டவர்கள். தஞ்சாவூரிலிருந்து சுமார் 100 கி.மீ., மயிலாடுதுறையிலிருந்து 30 கி.மீ.கூட இல்லை. தரங்கம்பாடியில் கோட்டை இருக்கு, கடல் இருக்கு, அலையும் இருக்கு. அங்கேயே ஒரு கை பார்த்தால் என்ன?

அலை இருக்கும்தான். ஆடி மாதத்தைவிடப் பெரிய அலையாகவே இருக்கும். ஆனால் ஏறி நிற்க விடாத அலை. அடித்துப் புரட்டுகிற அலை. டெல்டா கடற்கரையில் அக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை கடலுக்குள் இறங்குவது, நீச்சல் தெரிந்தவர்களுக்குமே சரிப்படாத வேலை. அதற்காகப் போகவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. மார்கழி, தை மாதங்களில் போக வேண்டிய ஊர்தான் தரங்கம்பாடி. தண்ணீருக்குள் மட்டும் போகக் கூடாது.

ஏன் இப்படி? கோவளத்தில் நடக்கிற விளையாட்டு, அதே வங்கக் கடலில் 200 கி.மீ. சொச்சம் தெற்கே வந்தால் ஏன் நடக்காது?

எல்லா அலையும் ஒன்றா?

கடலில் நாம் பார்க்கும் அலைகளை உண்டாக்குவது காற்று. அந்தக் காற்று எங்கே அடித்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கோயில் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படித்துறையில் பத்துப் பையன்கள் ஒரே நேரத்தில் குதிக்கிறார்கள். குதித்த இடத்தில் தண்ணீர் தாறுமாறாகக் கலங்கும்; எந்த அலை எங்கே போகிறது என்றே தெரியாது. ஆனால் எதிர்ப் படித்துறையில் உட்கார்ந்திருப்பவரின் காலைத் தொடும்போது, அதே அலை அமைதியாக, ஒன்றன்பின் ஒன்றாக, சீரான இடைவெளியில் வரும். தூரம்தான் அதை ஒழுங்குபடுத்துகிறது.

கடலிலும் அதே கதை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயல்காற்றில் பிறந்து, வழியெல்லாம் வரிசைப்பட்டு வரும் அலைக்கு 'ஸ்வெல்' என்று பெயர். சர்ஃபிங்குக்கு வேண்டியது இதுதான். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே 12 நொடியோ அதற்கு மேலோ இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில்தான் போர்டில் படுத்துக் கையால் துடுப்புப் போட்டு உள்ளே போக முடியும். திரும்பிப் பார்த்து, வரும் அலையைத் தேர்ந்தெடுக்க முடியும்.

கரைக்குப் பக்கத்திலேயே அடிக்கும் காற்று கிளப்பும் அலை வேறு ரகம். 5 முதல் 8 நொடிக்கு ஒன்று. ஒன்று உடைந்து முடிவதற்குள் அடுத்தது மேலே விழும். ஒரு முனையில் தொடங்கி அழகாகச் சுருண்டுகொண்டே போகாமல், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே நேரத்தில் சடாரென்று சரியும். குளிர்காலத்தில் டெல்டா கரைக்கு வருவது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கரையில் நின்று போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். பத்து அலை உடைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்துப் பத்தால் வகுங்கள். ஆறு, ஏழு என்று வந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவது நல்லது.

இலங்கை போடும் நிழல்

நமக்கு ஸ்வெல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அன்டார்டிகாவைச் சுற்றியிருக்கும் தென்பெருங்கடலிலிருந்து. தென் அரைக்கோளத்தில் மே முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். நமக்குச் சித்திரை வெயிலும் ஆடிக் காற்றுமாக இருக்கும்போது, அங்கே பெரும் புயல்கள் வரிசை கட்டி அடிக்கின்றன. அவற்றின் அலைகள் பல நாள் பயணம் செய்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து நம் கரையைத் தொடுகின்றன. மாமல்லபுரத்தில் 2023-ல் நடந்த உலக சர்ஃப் லீக் தகுதிச்சுற்றுப் போட்டியும் சரி, 2025-ல் நடந்த ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பும் சரி, இரண்டுமே ஆகஸ்ட் மாதத்தில் வைக்கப்பட்டது இதனால்தான்.

(இதே அலைக்கு ஒரு கொடூர முகமும் உண்டு. உள்ளூரில் காற்றே இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும் நாளில், தூரத்துப் புயலின் அலை திடீரென்று கரையேறுவதைக் கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்பார்கள். திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள்.)

சென்னைக்கு வரும் இந்தத் தென்திசை ஸ்வெல், தரங்கம்பாடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் அதே பலத்தோடு வருவதில்லை. மேப்பை எடுத்துப் பாருங்கள். டெல்டா கரைக்குத் தெற்கே, தென்கிழக்கே என்ன இருக்கிறது? இலங்கை. தெற்கிலிருந்து வரும் அலைக்கு அந்தத் தீவு ஒரு சுவர். சென்னை வடக்கே தள்ளி இருப்பதால், சுவரைத் தாண்டி வரும் அலை அதற்குக் கிடைக்கிறது. டெல்டாவுக்கோ பெரும்பகுதி நிழல். தெற்கே போகப் போக நிழல் கூடும். கோடியக்கரையைத் தாண்டிப் பாக் நீரிணைக்குள் போனால் கடல் பல நாள் ஏரி மாதிரிதான் கிடக்கும்.

அந்தச் சுவரின் மறுபக்கத்துக்குப் போனால் எல்லாமே தலைகீழ். இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் அறுகம்பே, உலகம் முழுக்க சர்ஃபர்களுக்குத் தெரிந்த ஊர். தென்பெருங்கடல் அலை நேராக வந்து மோதுமிடம். ஆனால் அங்கேயும் சீசன் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கூட்டம் கலைந்துவிடும். சர்ஃபர்கள் தீவின் தெற்கிலும் மேற்கிலும் இருக்கும் வெலிகம, ஹிக்கடுவ பக்கம் மாறிவிடுவார்கள். நமக்கும் அதற்கு இணையான ஒரு வசதி உண்டு. குளிர்காலத்தில் சர்ஃபிங் செய்தே ஆக வேண்டும் என்றால் கேரளாவின் வர்க்கலை, கோவளம் பக்கம் போகலாம். மேற்குக் கரைக்கு அது நல்ல பருவம். ரெண்டு கோவளம் இருப்பதால் டிக்கெட் போடும்போது கொஞ்சம் கவனம்!

டேனிஷ்காரர்களுக்கு மட்டும் எப்படிக் குளிர்காலம் சீசன்?

தரங்கம்பாடியைக் கட்டியவர்கள் டென்மார்க்காரர்கள். அவர்கள் நாட்டிலேயே இப்போது ஒரு பிரபல சர்ஃப் ஊர் இருக்கிறது. ஜட்லாண்ட் தீபகற்பத்தின் வடமேற்குக் கரையில் கிளிட்முல்லர் என்ற பழைய மீனவக் கிராமம். 'குளிர் ஹவாய்' என்று செல்லப்பெயர். அங்கே இலையுதிர் காலமும் குளிர்காலமும்தான் நல்ல அலை வரும் பருவம். தண்ணீர் ஐந்து டிகிரிக்கும் கீழே போகும். தலையிலிருந்து கால் வரை தடித்த ரப்பர் உடை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். நம் கடல் மார்கழியிலும் 26 டிகிரிக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஆனாலும் அங்கே முடிகிறது, இங்கே முடியவில்லை.

காரணம், வட அட்லாண்டிக் திறந்த கடல். குளிர்காலத்தில் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து பக்கம் கிளம்பும் புயலின் அலைக்கு வரிசைப்பட்டு வர இடம் இருக்கிறது. வங்கக் கடலின் வடக்கு எல்லையில் ஒடிசாவும் வங்காளமும் வங்கதேசமும் கதவைச் சாத்தியதுபோல் நிற்கின்றன. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று நம் கடலுக்குள்ளேயே அடித்து, நம் கடலுக்குள்ளேயே அலையைக் கிளப்பி, தூக்கக் கலக்கத்தோடு கரையில் கொண்டுவந்து கொட்டுகிறது. தெப்பக்குளத்தில் குதித்த படித்துறையிலேயே நாம் நின்றுகொண்டிருக்கிறோம்.

இது பழைய கப்பல்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சோழமண்டலக் கரையில் அப்போது தரங்கம்பாடி, சென்னை, புதுச்சேரி எங்குமே செயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் உள்ளூர்ப் படகோட்டிகள் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கரை சேர்ப்பார்கள். இடி மாதிரி அலை விழும் இடத்தை ஆணி அடித்த ஐரோப்பியப் படகு தாங்காது. தைத்த படகு வளைந்துகொடுக்கும். கட்டுமரக்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். அலை முதுகில் ஏறி வழுக்கிக்கொண்டே கரைக்கு வருவதுதான் அவர்களின் அன்றாடப் பயணம். சர்ஃபிங் என்ற சொல் நம் ஊருக்கு வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் நடந்த விஷயம் இது.

அப்படிப்பட்ட கரையிலேயே, அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை சென்னைக் கோட்டையில் கொடியை இறக்கிவிடுவார்கள். 'இனி இங்கே நங்கூரம் போடுவது உங்கள் பொறுப்பு' என்று கப்பல்களுக்குச் சொல்லும் அடையாளம். அதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 1746. சென்னையைப் பிடித்த கையோடு அங்கேயே தங்கியிருந்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படையை அந்த அக்டோபர் மாதப் புயல் சின்னாபின்னமாக்கியது.

முட்டளவு தண்ணிதானே?

'நான் சர்ஃபிங் போகல, சும்மா காலை நனைச்சுட்டு வந்துடுறேன்' என்பவர்களுக்குத்தான் இந்தப் பகுதி முக்கியம். கடலில் இறப்பவர்களில் ஆழ்கடலுக்குப் போனவர்களைவிடக் கரையோரம் குளிக்க இறங்கியவர்கள்தான் அடிக்கடி செய்தியில் வருகிறார்கள்.

அலை கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். மணல் மேட்டில் எங்காவது ஒரு தாழ்வு இருந்தால், அந்த வழியாக மொத்தத் தண்ணீரும் ஓடையாகக் கடலுக்குள் பாயும். இதுதான் ரிப் கரண்ட், இழுவை நீரோட்டம். சில நேரம் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தைக்கூடத் தொடும். ஒலிம்பிக் நீச்சல் வீரர்களின் உச்ச வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது.

இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், பார்ப்பதற்கு அந்த இடம்தான் அமைதியாக இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கலங்கலாக, நுரை உள்நோக்கி நகர்வதாகத் தெரியும். குழந்தையை இறக்க நல்ல இடம் என்று நினைப்போம். அதுதான் வாசல்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராட வேண்டாம். மிதந்துகொண்டே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். அந்த ஓடையின் அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்கள்தான். வெளியே வந்தபின் அலையே கரைக்குத் தள்ளும். நண்பர் மாட்டினால் நீங்களும் குதிக்காதீர்கள். கேன், பந்து, கயிறு என்று மிதப்பது எதையாவது எறியுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள். கைகோத்துக்கொண்டு வரிசையாக இறங்கிப் பலர் சேர்ந்து போன கதைகள் நம் கரையில் நிறைய.

டெல்டாவுக்கு இதில் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு. காவிரியும் அதன் கிளைகளும் வடிகால்களும் வரிசையாகக் கடலில் கலக்கும் பகுதி இது. கோடையில் மணல் மூடிக் கிடக்கும் முகத்துவாரங்கள், மழைக்காலத்தில் திறந்துகொண்டு வயல் வடியும் வெள்ளத்தையெல்லாம் செந்நிறமாகக் கக்கும். பூம்புகாரில் காவிரி முகத்துவாரமோ, தரங்கம்பாடிக்குத் தெற்கே உப்பனாறு சேரும் இடமோ, அந்த நேரத்தில் பக்கத்தில் போவதே வேண்டாம். அடியில் மணல் ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இருக்காது.

கோட்டைக்கு முன்னால் கொட்டிவைத்திருக்கும் பாறாங்கற்களும் அப்படித்தான். செல்ஃபிக்கு ஏற்ற இடம். பாசி படிந்து வழுக்கும் இடமும் அதுவே.

கரை எங்கே போனது?

அந்தப் பாறாங்கற்கள் எதற்கு? கடல் ஊரைத் தின்றுகொண்டிருக்கிறது, அதற்கு.

மாசிலாமணி நாதர் கோயிலைப் பார்த்தால் புரியும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில். கடலை ஒட்டிக் கட்டப்படவில்லை. கடல்தான் அதனிடம் வந்தது. முன்பகுதிகளை அலை கொண்டுபோய்விட்டது. 1733-ல் டேனிஷ்காரர் டிரெலுண்ட் வரைந்த ஊர் வரைபடத்தோடு இன்றைய கரையை ஒப்பிட்டால், கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த நிலம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது தெரியும்.

கடல் மணலை ஒரேயடியாகத் திருடுவதில்லை. கடன் வாங்கித் திருப்பித் தருவதுதான் அதன் வழக்கம். வடகிழக்குப் பருவத்தின் முரட்டு அலை கரை மணலை வாரிக் கொஞ்சம் உள்ளே கொண்டுபோய் மேடாக வைக்கும். அமைதியான மாதங்களில் மெல்ல அலைகள் அதைத் திருப்பிக் கொண்டுவரும். மார்கழியில் போனால் கடற்கரை ஒடுங்கி, செங்குத்தாகச் சரிந்து கிடப்பதும், வைகாசியில் போனால் அகலமாக விரிந்திருப்பதும் இதனால்தான். கரையோடு ஓடும் நீரோட்டமும் திசை மாறும். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை 'வன்னி' என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் 'தெண்டி' என்றும் சென்னைப் பக்கத்து மீனவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். நடுவில் ஒரு துறைமுகச் சுவரோ கல் தடுப்போ நீட்டினால், ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். ஓர் ஊரைக் காக்கப் போடும் கல் பக்கத்து ஊரின் மணலை எடுப்பது இப்படித்தான். அங்கேயும் கல் கேட்பார்கள். இந்தத் தொடர்கதைக்கு எங்கே முற்றும் போடுவது என்பதைப் பொதுப்பணித் துறைகள் யோசிக்க வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது.

கடன் கணக்கில் வரவும் குறைந்துவிட்டது. டெல்டா என்பதே காவிரி கொண்டுவந்து கொட்டிய மண். 1934-ல் மேட்டூர் அணை வந்தபின், அதற்கு மேலேயும் அணைகள் வந்தபின், வண்டல் நீர்த்தேக்கங்களில் தங்கிவிடுகிறது. போதாததற்கு ஆற்று மணல் அள்ளல். நெல் விளைய வேண்டிய தண்ணீரைப் பற்றி நாம் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். அந்தத் தண்ணீரோடு வர வேண்டிய மண்ணைப் பற்றி யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

அப்போ போய் என்னதான் பண்றது?

நிறைய. முதலில், சூரியன் உதிக்கும்போது கோட்டை முன்னால் இருங்கள். ஜனவரியில் ஆறரை மணி சுமாருக்கு, டான்ஸ்போர்க் கோட்டையின் வெளிர் மஞ்சள் சுவரில் வெயில் விழும் காட்சிக்காகவே ஒரு ராத்திரி தங்கலாம். 1620 நவம்பரில் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ் தளபதி ஓவே யெட்டே கட்டத் தொடங்கியது இது. நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 225 வருஷம் வைத்திருந்து, 1845-ல் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

அப்புறம், நகர வாயிலிலிருந்து ராஜ வீதி வழியாகக் கடலை நோக்கி நடங்கள். வண்டியில் போனால் ஐந்தே நிமிஷத்தில் முடிந்துவிடும். நடந்தால் ஒரு காலைப்பொழுது. 1701-ல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718-ன் புதிய எருசலேம் தேவாலயம் இரண்டும் அதே தெருவில். பின்னதைக் கட்டிய சீகன்பால்க் 1706-ல் இங்கே வந்திறங்கி, தமிழ் கற்று, அச்சு இயந்திரம் வரவழைத்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார். காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாற்றிலேயே ஆலை வைத்தார்கள். நீங்கள் இப்போது போனில் தமிழ் படிக்கிறீர்களே, அந்தச் சங்கிலியில் இந்தத் தெருவும் ஒரு கண்ணி.

ஊரில் இரண்டு கதைகள் கட்டாயம் காதில் விழும். ஒன்று, 'அலைகள் பாடுவதால் தரங்கம்பாடி' என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தரங்கம் என்றால் அலை, சரி. ஆனால் பாடி என்பது வாணியம்பாடியில் வருவதுபோல ஊர்ப்பெயர் விகுதி. பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றே இருக்கிறது.

இன்னொன்று, 'ஓசோன் அதிகமாக உள்ள கடற்கரை, நுரையீரலுக்கு நல்லது' என்ற பெருமை. இதை நம்பி ஆழமாக மூச்சு இழுப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோன் நம்மைக் காப்பாற்றுகிறது. மூக்குக்கு நேரே இருக்கும் ஓசோன் நகரங்களின் காற்று மாசுப் பட்டியலில் வரும் நச்சு. கடல் வாசனையை ஓசோன் என்று நினைத்துக் கடற்கரைகளுக்கு விளம்பரம் செய்தது 19-ம் நூற்றாண்டு ஐரோப்பா. உண்மையில் அந்த வாசனைக்கு முக்கியக் காரணம், கடலின் நுண்ணுயிர்கள் வெளிவிடும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு. காற்று சுத்தமாக இருக்கிறது, அது போதாதா? ஓசோன் எதற்கு!

டிசம்பர் 26 அன்று அங்கே இருக்க நேர்ந்தால், கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். 2004-ல் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை 6.29-க்கு சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியது. ஒன்பது மணி வாக்கில் அலை இங்கே வந்தது. எச்சரிக்க யாருமில்லை. அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தரங்கம்பாடியும் அதில் அடக்கம். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் மீனவக் குடும்பங்கள் கடலில் பால் ஊற்றி, பூ தூவி அழுவார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்கோய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல் வந்தது அதன் பிறகுதான்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கோடியக்கரைக்கு விடுங்கள். டெல்டாவின் குளிர்கால விருந்தாளிகள் அங்கேதான் இருக்கிறார்கள். சதுப்பிலும் உப்பளங்களிலும் பூநாரை, உள்ளான் என்று வலசைப் பறவைகள், புல்வெளியில் வெளிமான். 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சர் பட்டியலில் இருக்கும் ஈரநிலம். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரை முழுக்க ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும். மீனவர்கள் 'பங்குனி ஆமை' என்பார்கள். ராத்திரி கடற்கரையில் டார்ச், போன் ஃபிளாஷ், கேம்ப்ஃபயர் எதுவும் வேண்டாம். வெளிச்சத்தைப் பார்த்தால் தாய் ஆமை திரும்பிவிடும். குஞ்சுகள் திசை மாறிவிடும்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

வானிலை அறிக்கையில் மழையை மட்டும் பார்க்காதீர்கள். 'சூறைக்காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில், இடையிடையே 65 கி.மீ. வேகத்தில்' என்று ஒரு வரி வரும். மீனவர்களுக்கான எச்சரிக்கை என்று தாண்டிப் போய்விடுகிறோம். அவர்களே போகக் கூடாத கடலில் நமக்கு என்ன வேலை? இன்கோய்ஸ் இணையதளத்தில் மாவட்டவாரியாக அலை உயரமும், ஒரு அலைக்கும் அடுத்ததற்குமான நொடிக் கணக்கும் தினமும் கிடைக்கும். நாகை, காரைக்கால் துறைமுகங்களில் கூண்டு ஏற்றிய செய்தி வந்தால் எண்ணைக் கவனியுங்கள். 1, 2 என்றால் தொலைவில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. அதற்கு மேல் என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். 2018 நவம்பரில் கஜா வந்தது இந்தக் கரை வழியாகத்தான்.

ஜனவரி இரண்டாம் வாரத்துக்குமேல் மழை ஓய்ந்திருக்கும், காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும், சம்பா கதிர் முற்றி வழியெல்லாம் மஞ்சள் பூத்திருக்கும். பொங்கலை ஒட்டிப் போகிறவர்களுக்கு அதுதான் அதிர்ஷ்டம். சென்னையிலிருந்து மயிலாடுதுறைக்கு ரயில், அங்கிருந்து பஸ். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஓடியது, இப்போது இல்லை. தஞ்சாவூரிலிருந்து வருகிறவர்கள் கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபிக்கு நிறுத்திக்கொள்ளலாம். ஊருக்குள் ஹோட்டல்கள் குறைவு, லீவு நாளில் ரூம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பொறையாறு, காரைக்கால் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே தேடுங்கள். மீன் வேண்டுமென்றால் படகு கரைக்கு வரும் நேரத்தை டீக்கடையில் கேட்டுவிட்டுப் போங்கள். வலை காயப்போட்ட மணலில் கார் ஏற்றாதீர்கள்.